கிமோனோ என் கடையில் கிடைக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் கிழக்காசிய நாடகங்களைப் பற்றி இரண்டு பக்கம் வெளியிட்டிருந்தீர்கள். ஷேக்ஸ்பியரின் மேக்பெத்தைச் சாமுராய்களாக நடித்தது, லியர் மன்னனைச் சீனப் பாட்டு நாடகத்தில் கொண்டுவந்தது, கிரேக்கத்துச் சோகக் கதையைக் கொரியப் பெண்கள் பாடியது என்று நல்ல நல்ல சேதிகள். சினிமா நடிகருக்கு மூன்று பக்கம் ஒதுக்கும் காலத்தில் நாடகத்துக்கு இரண்டு பக்கம் கிடைத்ததே சந்தோஷம். கத்தரித்து வைத்திருக்கிறேன்.

கடைசிப் பத்தியில்தான் எனக்கு உறுத்தல். நம் கூத்துக்காரர்களும் காலத்துக்கேற்ப உடை, ஒளி, இசை எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டால் இளைஞர்கள் தானாக வருவார்கள், இங்கே அந்த முயற்சி நடக்கவே இல்லை என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். நீங்கள் போட்டிருந்த படங்கள் அத்தனையும் உடைகளின் படங்கள். அவற்றைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். நம் கலைஞர்கள் உடையை மாற்றினால் முதல் லாபம் எனக்குத்தான், ஏனென்றால் நான் பவானியில் நாடக டிரஸ் வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கிறேன். அப்படியிருந்தும் அந்த யோசனை சரியில்லை என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்கள் அய்யன் நாடக வாத்தியார். அந்தியூர், அம்மாபேட்டைப் பக்கத்து ஊர்களில் நோம்பி சாட்டுவதற்குச் சில மாதம் முன்பே அவரைக் கூட்டிப்போய் வைத்துக்கொள்வார்கள். பகலெல்லாம் காட்டு வேலை பார்த்துவிட்டு வரும் பையன்களுக்கு ராத்திரியில் அரிச்சந்திரனும் பவளக்கொடியும் பழக்குவார். வசனம் தப்பினால் ஆர்மோனியப் பெட்டியின் மேல் விரலால் ஒரு தட்டு. திட்டமாட்டார், அது போதும். அவருக்குப் பிறகு பெட்டி வாசிக்க வீட்டில் ஆள் இல்லை. டிரங்குப் பெட்டியில் இருந்த கிரீடமும் புஜகீர்த்தியும் டோப்பாவும் என் பங்குக்கு வந்தன. கடை அதில் ஆரம்பித்ததுதான். இப்போது வருமானம் பள்ளிக்கூட ஆண்டு விழாக்களில். கிருஷ்ணர், ஜான்சி ராணி, பாரதியார் எல்லாம் எப்போதும் ஓடும் சரக்கு. கொஞ்ச காலமாகக் கிமோனோவும் கொரியப் பாவாடையும் கேட்கிறார்கள். வீட்டுக்கு வீடு கொரியத் தொடர் ஓடுகிறதே, அதனால். ஈரோடு ஜவுளிச் சந்தையில் சாட்டின் எடுத்து நானே தைத்து வைத்திருக்கிறேன்.

போன ஆண்டு விழாக் காலத்தில் ஒரு பள்ளியிலிருந்து ஜப்பானிய மேக்பெத் போடுகிறோம் என்று வந்து கிமோனோக்களை மொத்தமாக எடுத்துப் போனார்கள். கிமோனோ கட்டுவதில் ஒரு விஷயம் உண்டு. இடது பக்கத் துணி மேலே வரவேண்டும். வலது பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை. ஜப்பானில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. துணி கொடுக்கும்போதே சொல்லித்தான் அனுப்பினேன். விழாவுக்குப் போய்ப் பார்த்தால், அவசரத்தில் அத்தனை பேருக்கும் மாற்றிக் கட்டிவிட்டிருந்தார்கள். அரசன், அரசி, தளபதி, காவலாளி என்று மேடையில் இருந்த எல்லோரும் முதல் காட்சியிலேயே செத்தவர்கள். அதையாவது விடலாம். குரல் எல்லாம் முன்னமே பதிவு செய்தது. ஒலிபெருக்கியில் ஒரு ஆசிரியரின் குரலில் வசனம் ஓட, பிள்ளைகள் வாயை அசைத்தார்கள். நடுவில் புகை விட்டார்கள். தளபதி சண்டை போடும்போது சினிமாப் பாட்டின் மெட்டு. பிறகு எல்லோரும் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது உடை மாட்டுவது ஒன்றுதான். அதைச் சமர்த்தாகச் செய்தார்கள். உங்கள் கட்டுரையின் கடைசிப் பத்தியைப் படித்தபோது எனக்கு அந்த மேடைதான் ஞாபகம் வந்தது.

அந்தப் பள்ளி பார்த்து எடுத்த மூலம் எது என்று எனக்குத் தெரியும். ஜப்பானிய இயக்குநர் யுகியோ நினகவா 1980இல் டோக்கியோவில் போட்ட மேக்பெத். 1985இல் எடின்பரோ விழாவுக்கும், 1987இல் லண்டனுக்கும் போய் அவருக்கு உலகப் பெயர் வாங்கித் தந்தது. செர்ரிப் பூ உதிர்வதும் சாமுராய் வாளும்தான் படங்களில் வரும். ஆனால் அவர் செய்த காரியம் வேறு. மேடை முழுவதையும் ஒரு பெரிய புத்தப் பூசை மாடமாகக் கட்டினார். ஜப்பானிய வீடுகளில் இறந்துபோன முன்னோரை வைத்துக் கும்பிடும் மாடம் அது, கதவு வைத்தது. நாடகம் தொடங்கும்போது இரண்டு கிழவிகள் வந்து அந்தக் கதவைத் திறக்கிறார்கள். திறந்துவிட்டு இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொள்கிறார்கள். உள்ளே கொலையும் சூதும் நடக்கிறது; இவர்கள் பாட்டுக்குக் கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிடுகிறார்கள், கைவேலை பார்க்கிறார்கள், அழுகிறார்கள். வீட்டுப் பூசை மாடத்துக்கு முன் நின்று இறந்த தகப்பனையும் அண்ணனையும் நினைத்தபோது உதித்த யோசனை என்று நினகவாவே சொல்லியிருக்கிறார். ஸ்காட்லாந்து ராஜாவின் கதை அந்த மாடத்துக்குள் நடந்தவுடன், பார்க்கிற ஜப்பான்காரனுக்கு அது தன் வீட்டில் செத்தவர்களின் கதை ஆகிவிடுகிறது. இசைக்கு அவர் பிரெஞ்சுக்காரர் ஃபோரேயின் இரங்கல் பூசை இசையையும் சேர்த்திருந்தார். அதையும் யாரும் உறுத்தலாகச் சொல்லவில்லை, ஏனென்றால் அதுவும் செத்தவர்களுக்கான பாட்டு. எனக்குச் சாமுராய்களைவிட அந்த இரண்டு கிழவிகள்தான் பெரிது. அவர்களுக்கு என்ன உடை என்று யாரும் கேட்டு வருவதில்லை.

அடுத்தது கொரிய நாடகம். உங்கள் கட்டுரை அதற்கு நாலு வரி கொடுத்திருக்கிறது. நான் அதை நேரில் பார்த்தவள். மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். 2017இல் அங்கே போயிருந்தபோது, சர்வதேசக் கலைவிழாவில் கொரியாவின் தேசிய சாங்குக் (பாட்டு நாடக) குழு 'ட்ரோஜன் பெண்கள்' நடத்துகிறது என்று டிக்கெட் எடுத்துவிட்டாள். இயக்கியவர் சிங்கப்பூர்க்காரர் ஓங் கெங் சென். கதை கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடிஸ் எழுதியது, இயேசு பிறப்பதற்கு 415 வருடம் முன்பு. ட்ராய் நகரத்துப் போர் முடிந்துவிட்டது. ஆண்கள் எல்லோரும் செத்தாயிற்று. ஊர் எரிகிறது. எந்தப் பெண் எந்தக் கிரேக்கத் தளபதிக்கு அடிமையாகப் போகவேண்டும் என்று சொல்லி அனுப்புவார்கள், அதற்காகப் பெண்கள் காத்திருக்கிறார்கள். கதை அவ்வளவுதான். மீதி எல்லாம் அழுகை.

அந்த அழுகையைப் பான்சோரிக் குரலில் பாடினார்கள். பான்சோரி என்பது கொரியாவில் ஒரு பாடகர், ஒரு மேளக்காரர் என்று இரண்டே பேர் சேர்ந்து மணிக்கணக்காகக் கதை சொல்லும் முறை. பாடகர் கையில் ஒரு விசிறி. அதுவே வாள், அதுவே கடிதம், அதுவே நடைக்கோல். மேளக்காரர் அடித்துக்கொண்டே நடுநடுவே குரல் கொடுத்துப் பாடகரை ஏற்றிவிடுவார், கேட்பவர்களும் கொடுப்பார்கள். குரல் நம் காதுக்குக் கட்டிக்கொண்டது போலத்தான் முதலில் இருக்கும். இனிமையாகப் பாடவேண்டும் என்று அவர்கள் நினைப்பதே இல்லை. அடித்தொண்டையிலிருந்து கிழித்துக்கொண்டு வருகிறது. முன்காலத்தில் அருவிச் சத்தத்தை மீறிப் பாடிப் பாடிக் குரலை அப்படி ஆக்கிக்கொள்வார்களாம்.

எக்குபா என்ற கிழட்டு ராணி. மகன் எக்தோரும் போய்விட்டான், அவனுடைய பிள்ளை ஒருவன்தான் மிச்சம். அந்தக் குழந்தையையும் கோட்டை மதிலிலிருந்து போட்டுக் கொன்றுவிட்டு, தகப்பனின் கேடயத்தில் கிடத்திக் கொண்டுவந்து பாட்டியிடம் கொடுக்கிறார்கள். அந்த இடத்தில் எனக்கு மேலே ஓடிய ஆங்கில எழுத்து தேவைப்படவில்லை. "அம்மா, புரியுதா?" என்று மகள் கேட்டாள். "சும்மா இரு கண்ணு, தங்காள் படுகளத்துக்குப் போற மாதிரி இருக்குது" என்றேன். கொங்குநாட்டில் பிறந்தவர்களுக்கு நான் என்ன சொன்னேன் என்று விளக்கவேண்டியதில்லை. அண்ணன்மார் இரண்டு பேரும் விழுந்து கிடக்கும் களத்துக்குத் தங்கச்சி அழுதுகொண்டு போகும் இடத்தை உடுக்கைப் பாட்டில் கேட்டு வளர்ந்த காது இது.

அந்த நாடகத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது எலன். போருக்கே காரணம் என்று எல்லோரும் திட்டும் பெண். அந்த வேஷத்தை ஒரு ஆண் பாடகர் கட்டினார். மற்ற பெண்களுக்கு ஆளுக்கொரு கொரிய வாத்தியம் துணை. எலனுக்கு மட்டும் பியானோ. கிரேக்கர் பக்கமும் இல்லை, ட்ராய் பக்கமும் இல்லை, இரண்டும் கெட்டானாக நிற்கிறவள் என்பதால் குரலும் இசையும் அப்படி. பியானோ ஒன்றுதான் அங்கே அசல் மேற்கத்தியச் சரக்கு. அது எப்போது வரவேண்டும், யாருக்கு வரவேண்டும் என்று அளந்து வைத்திருந்தார்கள். பாட்டுகளை அமைத்தவர் ஆன் சுக்-சன் என்ற மூத்த பான்சோரிப் பாடகி. கூட்டமாகப் பாடும் பெண்களின் பாட்டில் மட்டும் இன்றைய கொரியப் பாப் இசை கலந்தது. அது வேறொரு இசையமைப்பாளரின் வேலை. இப்படி யார் எதைச் செய்வது என்பது முன்பே பிரித்தாயிற்று. நம் ஊரில் ஒத்திகைக்கு முதல் நாள்தான் "எதுக்கும் ஒரு கீபோர்டு வச்சுக்கலாமுங்க" என்பார்கள்.

இதே கிரேக்க நாடகத்தை 1974இலேயே டோக்கியோவில் தடாஷி சுசூகி போட்டிருக்கிறார், போரில் தோற்ற ஜப்பானின் பாழில் ஒரு கிழவி உட்கார்ந்து நினைத்துப் பார்ப்பதாக. அப்புறம் அவர் 1976இல் டோக்கியோவை விட்டுத் தன் குழுவோடு தோகா என்ற மலைக் கிராமத்துக்குப் போய்விட்டார். கூரை வேய்ந்த பழைய பண்ணை வீடு ஒன்றை நாடக மேடையாக்கினார். குளிர்காலத்தில் பனி ஆளுயரம் மூடும் ஊர். 1982இலிருந்து அங்கே உலக நாடக விழா நடக்கிறது. பர்கூர் மலையில் நாடகம் போட்டு வெளிநாட்டுக்காரர்களை அங்கே ஏறி வரவைத்தது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் நடிகர்களுக்குக் கொடுக்கும் பயிற்சியில் பாதி, தரையைக் காலால் மிதிப்பது. இடுப்புக்கு மேலே ஆடாமல் அசையாமல் மிதிக்கவேண்டும். நோ என்ற ஜப்பானிய மரபு நாடகக்காரர்களின் கால் பழக்கத்திலிருந்து எடுத்தது. உங்கள் கட்டுரை காலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

உடையே இல்லாமல் நடந்த ஒரு சம்பவத்தையும் சொல்லவேண்டும். 1935இல் சீனப் பாட்டு நாடக நடிகர் மெய் லான்ஃபாங் மாஸ்கோவுக்குப் போனார். பெண் வேஷத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அங்கே நாடகம் தெரிந்தவர்கள் கூடிய ஒரு அறையில், சாதாரணக் கோட்டும் சூட்டுமாக, முகத்தில் அரிதாரம் இல்லாமல், தனி விளக்கும் இல்லாமல் பெண்ணின் அசைவுகளைச் செய்து காட்டினார். அதைப் பார்த்தவர்களில் ஒருவர் ஜெர்மன் நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட். நடிகன் பாத்திரமாக மாறிவிடாமல் பாத்திரத்தைக் காட்டிவிட்டு நிற்கலாம் என்ற அவருடைய கொள்கைக்கு அந்த அனுபவம் பெரிய பலம். அதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். பட்டும் ஜரிகையும் போட்டு மேடையேறியிருந்தால் பிரெக்ட் பட்டைப் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். (இந்த வரியை எழுதும்போது எனக்கே வயிற்றில் கொஞ்சம் புளி கரைக்கிறது. தொழில் அப்படி.)

அந்த பிரெக்ட் பிறகு கொரியாவுக்கு வந்த கதையும் உண்டு. லீ ஜாரம் என்ற பான்சோரிப் பாடகி 2007இல் அவருடைய 'செச்சுவானின் நல்ல பெண்' நாடகத்தைத் தானே பான்சோரியாக எழுதிப் பாடினார். நல்லவளாக இருந்தால் பிழைக்க முடியாத ஊரில் ஒருத்தி படும் பாடு. 2011இல் பிரெக்டின் 'துணிச்சல் தாய்' கதையை எடுத்தார். எல்லாப் பாத்திரமும் அவரே. உடனே, "பாருங்கள், இளம் பெண் ஒருத்தி மரபை உடைத்துவிட்டாள்" என்று எழுதிவிடுவார்கள். இருபது வயதில், 1999இல், அவர் 'சுன்ஹியாங்' என்ற பழைய பான்சோரிக் கதையை எட்டு மணி நேரம் முழுசாகப் பாடி முடித்தவர். அதைப் பாடத் தெரிந்த தொண்டைதான் பிரெக்டைப் பாடியது.

வூ ஷிங்-குவோவும் அப்படித்தான். தைவான்காரர். சின்னப் பையனாகப் பீக்கிங் பாட்டு நாடகப் பள்ளியில் சேர்ந்து எட்டு வருடம் அடி வாங்கிக் கற்றவர். 1986இல் மேக்பெத்தை அந்த முறையில் கொண்டுவந்தார். கடைசியில் அம்பு பட்டு, போர்க்கவசமும் தடித்த அடிப்பாகம் வைத்த பூட்சுமாக உயரத்திலிருந்து பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டு விழுவார். அந்தக் கரணம் போடத் தெரியாதவனுக்கு அந்தக் காட்சியை எழுதவே தோன்றாது. 2001இல் லியர் மன்னன் கதையை ஒற்றை ஆளாக நடித்தார். ராஜா, மகள்கள், கோமாளி எல்லாம் அவரேதான். அவர்கள் தாடி நம்முடையது போலப் பசை போட்டு ஒட்டுவது கிடையாது. கம்பியில் கோத்துக் காதில் மாட்டுவது. நீளமான வெள்ளைத் தாடி. வூ நடுவில் அந்தத் தாடியைக் கழற்றுகிறார், தலைக்கட்டை எடுக்கிறார், அங்கியை அவிழ்க்கிறார், எல்லாம் மேடையில் நம் கண்ணுக்கு முன்னால். அப்புறம் நான் யார் என்று கேட்கிறார். அந்த நாடகத்தில் தன் குருவோடு இருந்த மனத்தாங்கலும் கலந்திருக்கிறது. கற்பித்த குருவோடு சண்டை போடுவதற்குக்கூட முதலில் ஒரு குருவிடம் கற்றிருக்கவேண்டும்.

"இங்கே அந்த முயற்சி நடக்கவே இல்லை" என்ற வாக்கியத்துக்கு வருகிறேன். பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியவர். ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கினார், வெனிஸ் வணிகனை 'வாணிபுர வணிகன்' ஆக்கினார், மேக்பெத்தை 'மகபதி' ஆக்கினார். நினகவா பிறப்பதற்கு முன்பே நடந்த வேலை. அட, எங்கள் அய்யன் வாசித்த ஆர்மோனியமே ஐரோப்பாவில் பிறந்தது. பின்னால் தொங்கும் அரண்மனை சீனும் காட்டு சீனும் பார்சி நாடகக் கம்பெனிகள் வழியாக வந்தவை; பார்சிக்காரர்கள் அவற்றை வெள்ளைக்காரனிடம் பார்த்தார்கள். அரிச்சந்திரன் மயானத்தில் நின்று பாடும்போது பின்னால் இத்தாலி நாட்டுத் தூண் வரைந்த படுதா தொங்கும், பக்கத்தில் பிரான்சுக்காரன் கண்டுபிடித்த பெட்டி அழும். ஒருவரும் இதைப் புதுமை என்று சொன்னதில்லை. கூட்டம் விடியவிடிய உட்கார்ந்திருந்தது. வள்ளி கும்மியை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையம் பக்கத்துப் பத்ரப்பன் அய்யாவுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்று கோவை, திருப்பூர் பக்கம் கும்மி பழகும் பெண்கள் ஆயிரக்கணக்கில். அங்கே உடை ஒரே மாதிரி சேலை, அவ்வளவுதான். கூட்டத்தை இழுத்தது அடவும் பாட்டும்.

நம் கதையை அவர்கள் எடுத்ததையும் கட்டுரையாளர் விட்டுவிட்டார். ஜப்பானிய இயக்குநர் சதோஷி மியாகி மகாபாரதத்தில் வரும் நளன் கதையை நாடகமாக்கி, 2014இல் பிரான்சு அவிஞ்ஞோன் விழாவில், ஒரு பழைய கல்குவாரியில் நடத்தினார். மகாபாரதம் பழைய காலத்தில் ஜப்பானுக்கு வந்து சேர்ந்திருந்தால் அங்கே எப்படிச் சொல்லியிருப்பார்கள் என்பது அவர் எடுத்துக்கொண்ட கற்பனை. அதனால் நளனுக்கும் தமயந்திக்கும் நம் ஊர் நகையும் சேலையும் கிடையாது. அவருடைய நாடகங்களில் ஒருவர் பேசுவார், இன்னொருவர் அசைவார். இரண்டும் சேர்ந்து ஒரு பாத்திரம். அவர்கள் ஊர்ப் பொம்மலாட்டத்தில் அப்படி ஒரு வழக்கம் இருப்பதால் வந்த பழக்கம். நளனைச் சனி பிடித்த கதையைக் கூத்தில் விடியவிடியப் பார்த்த ஊர் நம்முடையது. அந்தக் கதை ஜப்பான் வழியாகப் பிரான்சு போய்விட்டது, பவானிக்குச் சேதி இப்போதுதான் வருகிறது.

சரி, என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். எனக்கு ஒன்றுதான் தெரியும். பான்சோரியைக் கேட்டதிலிருந்து என் மனசில் நிற்பது நம் உடுக்கைப் பாட்டுத்தான். அங்கே பாடகரும் மேளக்காரரும். இங்கே உடுக்கை அடித்துப் பாடுகிறவரும், 'ஆமா' என்று எடுத்துக் கொடுக்கும் பின்பாட்டுக்காரரும். அங்கே விசிறி, இங்கே அதுவும் வேண்டாம். அந்த அண்ணன்மார், அதாவது பொன்னர் சங்கர் கதையை ராத்திரி ராத்திரியாகப் பாடுகிறவர்கள் நம்மிடம் இருந்தார்கள், இன்னும் சிலர் இருக்கிறார்கள். கனடா நாட்டு ஆய்வாளர் பிரெண்டா பெக் அம்மையார் 1960களில் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி, அந்தப் பாட்டைக் கேட்டு ஒலிப்பதிவு செய்து புத்தகமாக்கினார். அந்த மாதிரி ஒரு பாடகரிடம் எக்குபாவின் கதையைச் சொல்லிப் பாருங்கள். உட்கார்ந்து பேசி, ஒரு வருடம் கழித்து அவர் எப்படிப் பாடுகிறார் என்று கேட்கலாம். எக்தோரின் கேடயத்தில் பிள்ளை வரும் இடத்தில் அவர் உடுக்கையை எப்படித் தேய்ப்பார் என்று எனக்கு இப்போதே கேட்கிறது. அதற்கு லேசர் விளக்கு வேண்டாம், கிமோனோ வேண்டாம். அந்த ஒரு வருடம் அவர் குடும்பம் சாப்பிட வழி செய்யவேண்டும்.

கொரியாவில் அந்த வழியை அரசாங்கம் செய்தது. 1962இல் மரபுக் கலைகளைக் காக்கச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதன்படி 1964இல் பான்சோரியை நாட்டின் சொத்தாக அறிவித்தார்கள். தேர்ந்த பாடகருக்கு மாதாமாதம் தொகை. அதோடு சீடர்களுக்குச் சொல்லித்தரும் கடமையும். ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அங்கீகாரம் 2003இல்தான் வந்தது. அதற்குள் ஒரு தலைமுறை பாடகர்கள் தயாராகிவிட்டார்கள். நான் சிங்கப்பூரில் பார்த்த குழு அரசாங்கத்தின் தேசியக் குழு. அவர்கள் ஆண்டு முழுவதும் பாடுவதுதான் வேலை. வயதான கலைஞருக்கு உதவித்தொகை கொடுத்து மாலை போடுவது நல்ல காரியம்தான். அவரிடம் இரண்டு பையன்களை உட்காரவைத்து, அந்தப் பையன்களுக்கும் சம்பளம் கொடுத்தால் இன்னும் நல்லது. பையன்கள் சும்மா வருவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. பெருந்துறை சிப்காட்டில் அவர்களுக்கு வேலை இருக்கிறது.

ஈரோடு புத்தகத் திருவிழா மேடைக்கு வருடாவருடம் எவ்வளவு கூட்டம் வருகிறது என்று உங்களுக்கே தெரியும். கோவையிலும் கூட்டத்துக்குக் குறைவில்லை. பேச்சாளர்கள் பேசட்டும், நானும் போய்க் கேட்கிறவள்தான். ஆனால் ஒரு ராத்திரியாவது மைக்கை ஒரு உடுக்கைக்காரரிடம் கொடுக்கலாம். முதல் வருடம் அண்ணன்மார் கதையே போதும். இரண்டாம் வருடம் ட்ராய் கதை.

உங்கள் பத்திரிகையிடமும் இரண்டு வேண்டுகோள். ஒன்று, கட்டுரையின் மூன்றாம் படத்துக்குக் கீழே 'ஜப்பானிய நாடகக் காட்சி' என்று போட்டிருக்கிறீர்கள். அது கொரியா. ஒருவர் விசிறியோடு நிற்கிறார், பக்கத்தில் ஒருவர் மேளத்தோடு உட்கார்ந்திருக்கிறார். பான்சோரி அது. திருத்தம் வெளியிடுங்கள். இன்னொன்று, 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியில் பட்டிமன்றம், சொற்பொழிவு, இலவசக் கண் சிகிச்சை முகாம் எல்லாம் தவறாமல் வருகிறது. மாசி பங்குனியில் அந்தியூர், கொளத்தூர், மேச்சேரிப் பக்கம் எந்த ஊரில் எந்த ராத்திரி கூத்து என்பதையும் அதில் ஒரு வரி சேருங்கள். ஊர்ப் பெயரும் ஆரம்பிக்கும் நேரமும் இருந்தால் போதும். எங்கள் கடைக்கு டிரஸ் எடுக்க வருகிறவர்களிடம் கேட்டு, அந்தப் பட்டியலை வாராவாரம் உங்கள் ஈரோடு அலுவலகத்துக்கு அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
நாடக உடை வாடகைக் கடை நடத்துபவர்,
பவானி.